வேனின் கீழ்ப்பாகத்துக்கு ஸ்பிரே கோட்டிங்: சாரலும் மீன் தண்ணீரும் படுகிற வண்டிக்கு அடிப்பது எப்படி

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை என்று ஓடுகிற வேனுக்கு மேல்பாகம் பளபளவென்று இருக்கும்போதே கீழ்ப்பாகம் கெட்டுவிடும். ஆனி, ஆடியில் கணவாய் வழியாகச் சாரல் வந்துகொண்டே இருக்கும். அது ஓய்ந்தால் ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்து அடைமழை. மலை இறங்கிப் புனலூர், கொல்லம் என்று போகிற வண்டி ஜூன் தொடக்கத்திலேயே நனைய ஆரம்பித்துவிடும். நீண்டகரையிலும் சக்திகுளங்கரையிலும் மீன் ஏற்றி வருகிற வண்டி இன்னும் பாவம். வெளியே மழைத்தண்ணீர், உள்ளே ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர். உப்பு ஒரு தடவை தகர மடிப்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், மழை இல்லாத நாளிலும் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் இந்தப் பக்கம் எல்லோரும் கீழே கறுப்பாகக் கோட்டிங் அடிக்கிறார்கள். அடிப்பதில் தவறில்லை. ஆனால் கோட்டிங் என்றால் துருவுக்கு மருந்து என்று நினைத்துக்கொண்டு அடிக்கிறவர்கள்தான் அதிகம். கோட்டிங் துருவை நிறுத்தாது. நல்ல தகரத்தின் மேல் கல்லும் தண்ணீரும் படாமல் தடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. கீழே துருவும் ஈரமும் இருக்கும்போது மேலே அடித்தால், இரண்டையும் உள்ளே வைத்து மூடினதாகத்தான் ஆகும். வெளியே பார்க்க இரண்டு வருடம் ஜம்மென்று இருக்கும். மூன்றாம் வருடம் கையால் அழுத்தினால் கோட்டிங்கோடு தகரமும் சேர்ந்து பெயர்ந்து வரும்.

"அண்ணாச்சி, துரு மேலயே கறுப்பா அடிச்சு விட்டுருங்க, எஃப்.சி. முடிஞ்சா போதும்" என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்களை எல்லாப் பட்டறையும் பார்த்திருக்கும். வாடகை வண்டிக்கு 8 வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), அதற்கு மேல் வருடா வருடம். இந்த வருடம் மூடி மறைத்தது அடுத்த வருடம் வெல்டிங் செலவாக வந்து நிற்கும். அப்படி அடிப்பதற்கு அடிக்காமலேயே இருக்கலாம். அடிக்காத வண்டியில் துரு கண்ணுக்காவது தெரியும்.

இது முதல் தடவையாகத் தானே அடித்துப் பார்க்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். மாருதி ஆம்னி, ஈகோ மாதிரி வேனை மனதில் வைத்துச் சொல்கிறேன். ஆம்னி 1984-இல் வந்து 2019-இல் உற்பத்தி நின்ற வண்டி, இன்னும் இந்தப் பக்கம் ஓடுகிறது. அதனால் பழைய தகரத்தை எப்படிக் கையாள்வது என்பதற்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். புது வண்டி என்றால் பாதி வேலை மிச்சம்.

எப்போது அடிப்பது

மாசி, பங்குனி. சித்திரை வரைகூடப் போகலாம், ஆனால் கோடை மழை மாலையில் வந்து நிற்கும், பார்த்துக்கொள்ள வேண்டும். சாரல் காலத்தில் கொட்டகைக்குள் வைத்து அடித்தாலும் சரிப்படாது. மழை நேரே படாவிட்டாலும் காற்றே ஈரமாக இருக்கும். காலை நேரத்தில் மலையடிவாரத்தில் தகரம் சில்லென்று இருக்கும், அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத பனி படிந்திருக்கும். பெயிண்ட் வேலையில் ஒரு கணக்கு உண்டு: காற்றின் ஈரம் பனியாகப் படிகிற வெப்பநிலையைவிடத் தகரம் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும். கருவி இல்லாதவர்களுக்கு எளிய வழி, ஈரத்துணியால் தகரத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் பார்ப்பது. கால் மணி நேரத்துக்குள் அந்த ஈரக்கோடு மறைந்தால் அடிக்கலாம். மறையவில்லையென்றால் ஒரு டீ குடித்துவிட்டு வெயில் ஏறட்டும் என்று இருங்கள். காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து மதியம் மூன்று மணிக்குள் கடைசிக் கோட்டிங் பூச்சை முடித்துவிடுவது நல்லது.

குறைந்தது மூன்று நாள் வண்டி ஓடாமல் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரே அடிக்கிற நேரம் சொற்பம்தான். கழுவவும் காயவும் சுரண்டவும்தான் நாள் போகும்.

எந்த மெட்டீரியல்

கடையில் 'அண்டர்பாடி கோட்டிங்' என்று கேட்டால் நான்கைந்து விதம் எடுத்து வைப்பார்கள். பார்க்க எல்லாம் கறுப்புத்தான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்துக்கு.

தார் கலந்த வகை விலை குறைவு. வண்டிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு இது போதும். ரப்பர் சேர்ந்தது என்றால் வெடிக்காமல் இன்னும் கொஞ்ச காலம் நிற்கும். ஆனால் இதன்மேல் பெயிண்ட் அடிக்க முடியாது. வெள்ளை வேனின் பக்கத்தில் அடித்துவிட்டு மேலே வெள்ளை அடித்தால், தார் ஊறி மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக வெளியே வரும். எத்தனை கோட்டு அடித்தாலும் நிற்காது.

வண்டியின் பக்கவாட்டில், கதவுக்குக் கீழே இருக்கிற சில் பகுதிக்கு 'ஸ்டோன் சிப்' அல்லது 'ஸ்டோன் கார்டு' என்று வருகிற ரெசின் வகைதான் சரி. காய்ந்த பிறகு பாடி கலரிலேயே பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம். டப்பாவில் 'மேலே பெயிண்ட் அடிக்கலாம்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஹார்ட்னர் (இறுக வைக்கிற திரவம்) கலந்து அடிக்கிற இரண்டு பாக வகை, அதாவது பிக்கப் வண்டியின் தொட்டிக்குள் அடிக்கிற பாலியூரித்தேன் கோட்டிங், இவை எல்லாவற்றையும்விடக் கெட்டி. ஆனால் கலந்துவிட்டால் குறிப்பிட்ட நேரத்துக்குள் அடித்தாக வேண்டும், மூச்சுக்கும் கெடுதல். புதிதாக அடிக்கிறவர் அதில் கை வைக்க வேண்டாம்.

கழிவு ஆயிலையும் டீசலையும் கலந்து அடியில் பீய்ச்சுகிற பழைய வழக்கம் வாட்டர் சர்வீஸ் கடைகளில் இன்னும் இருக்கிறது. துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆயில் ரப்பர் புஷ்ஷை ஊதவைக்கும், புழுதியைப் பசைபோல ஒட்டவைக்கும், மழையில் ஓடையில் போய்ச் சேரும். எல்லாவற்றுக்கும் மேல், ஆயில் பட்ட தகரத்தில் கோட்டிங் ஒட்டவே ஒட்டாது. உங்கள் வண்டிக்கு முன்பு ஆயில் அடித்திருந்தால் கழுவுகிற வேலை இரட்டிப்பு என்று இப்போதே எண்ணிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வாங்குவது? ஒரு லிட்டரை அரை மில்லிமீட்டர் ஈரக் கனத்தில் பரப்பினால் 2 சதுர மீட்டர் வரும். ஆம்னி, ஈகோ போன்ற வேனில் இரண்டு பக்கச் சில்லும் கதவின் அடிப்பகுதியும் சேர்ந்தால் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆக, பக்கவாட்டுக்கு மட்டும் என்றால் ஒரு கோட்டுக்கு ஒரு லிட்டர். வீல் ஆர்ச்சும் (சக்கரத்துக்கு மேலே வளைந்து நிற்கிற தகரம்) அடிப்பக்கமும் சேர்த்தால், சேதாரத்தையும் கணக்குப் பண்ணி, மொத்தம் ஆறேழு லிட்டர் கையில் இருக்கட்டும்.

அடிப்பதற்கு இரண்டு வழி. ஏரோசால் டப்பா சின்னத் திருத்தத்துக்குச் சரி, முழு வண்டிக்குக் கட்டுப்படியாகாது. ஒரு லிட்டர் பாட்டிலை அப்படியே திருகி மாட்டுகிற அண்டர்கோட் கன் ஒன்று கிடைக்கும், விலையும் அதிகமில்லை. அதோடு கம்ப்ரசர் வேண்டும். அதைப் பட்டறையில் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள், பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர்கூடத் தருவார். சாதாரண பெயிண்ட் கன்னில் இதை ஊற்றாதீர்கள், உள்ளே அடைத்துக்கொள்ளும்.

கழுவுவது

முதலில் சக்கரங்களைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. கல்லை அடுக்கி வைத்து அதன்மேல் நிறுத்துகிறதும் வேண்டாம், செங்கல் சொல்லாமல் நொறுங்கும். கழற்றாமல் தரையில் நிற்கிற சக்கரம் இருந்தால் அதற்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள்.

இப்போது வீல் ஆர்ச்சின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். தகரம் உள்பக்கமாக மடங்கி ஒரு சின்ன வாய்க்கால் போல இருக்கும். அதில்தான் எல்லாம் இருக்கிறது. சைக்கிள் ஸ்போக்கின் நுனியை வளைத்து அந்த மடிப்பில் விட்டு இழுத்தால், காய்ந்த சேறு கட்டி கட்டியாக விழும். மேலே காய்ந்த மண், அதற்குக் கீழே கறுத்த ஈரமண், அதற்கும் கீழே பிசுபிசுவென்று துருத்தூள். மீன் வண்டி என்றால் வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கும். வாட்டர் சர்வீஸில் எவ்வளவு வேகமாக அடித்தாலும் இந்த மடிப்புக்குள் இருப்பது முழுதாக வராது, கையால்தான் எடுக்க வேண்டும். ஆம்னியில் முன்சக்கரம் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலும், ஈகோவில் முன்கதவுக்குச் சற்று முன்னாலும் இருப்பதால், டயர் வாரி இறைக்கிற கல்லும் சேறும் முன்கதவின் கீழ்ப்படியையும் அதன் பின்னால் இருக்கிற சில்லையும்தான் முதலில் தாக்கும். அந்த இடத்தை இரண்டு தடவை பாருங்கள்.

சுரண்டி முடித்த பிறகு பிரஷர் வாட்டர். அடுத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் டிகிரீசர் அடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, மறுபடி நல்ல தண்ணீர். மீன் வண்டிக்கு வெறும் தண்ணீர்க் கழுவலை மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் திரும்பச் செய்யுங்கள், உப்பு ஒரே கழுவலில் போகாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஆற்றுத் தண்ணீரோ பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரோ பிடித்துக் கடைசிக் கழுவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவிய பிறகு ஒரு முழு நாள் வெயிலில் காயவிடுங்கள். சில் பகுதியின் அடியில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், கதவுகளின் அடியிலும் இருக்கும். உள்ளே போன தண்ணீர் வெளியேற கம்பெனி போட்ட வழி அது. பெரும்பாலான பழைய வண்டியில் அந்தத் துளை மண் அடைத்துக் கிடக்கும். கம்பியால் குத்தித் திறந்துவிட்டால் சில சமயம் அரை டம்ளர் பழுப்புத் தண்ணீர் ஒழுகும். ஒழுகினால் நல்லதுதான், துரு உள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டீர்கள். எத்தனை துளை, எங்கெங்கே என்று போனில் படம் எடுத்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

துருவைத் தேடுவது

பெயிண்ட் மேலே கொப்புளம் போல் எழும்பியிருந்தால், கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்ளே நறநறவென்று சத்தம் வந்தால் அதற்குக் கீழே தகரம் உரிந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் சில் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் கணீரென்று சொல்லும், கெட்ட தகரம் மந்தமாகச் சொல்லும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஓங்கிக் குத்துங்கள். உள்ளே போய்விட்டால் வருத்தப்படாதீர்கள். நீங்கள் குத்தாவிட்டால் ரோட்டில் ஒரு கல் குத்தும்.

ஓட்டை விழுந்த இடத்தைக் கெட்ட தகரத்தை வெட்டி எடுத்துவிட்டு, 20 கேஜ் தகரம் வைத்து வெல்டிங் அடிக்க வேண்டும். 20 கேஜ் என்றால் கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர், பாடித் தகரத்துக்கு அது ஒத்துப்போகும். ஓட்டையை பட்டி வைத்து அடைத்து மேலே கோட்டிங் அடிக்கிறதைப் பல இடத்தில் செய்கிறார்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும். ஒரு மழைக்காலம் தாங்காது. வெல்டிங் வேலை எல்லாம் கோட்டிங்குக்கு முன்னால்தான். அடித்த பிறகு வெல்டிங் வைத்தால் கோட்டிங் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் டேங்க், கேஸ் சிலிண்டர், அவற்றின் குழாய் போகிற பக்கத்தில் வெல்டிங்கோ கிரைண்டரோ வைப்பதாக இருந்தால் அதை டிங்கரிங் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். வீட்டு வாசலில் வைத்துச் செய்கிற வேலை இல்லை அது.

மேலோட்டமான துருவை நீங்களே எடுக்கலாம். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்க்கும்போது கண்ணாடி கட்டாயம் போடுங்கள், அந்தக் கம்பி ஒவ்வொன்றாகத் தெறிக்கும். பிறகு 80 நம்பர் உப்புத்தாள், விளிம்புகளில் 180. துரு முடிந்த இடத்தோடு நிற்காமல், நல்ல பெயிண்ட் மேலேயும் இரண்டு விரல் தூரம் வரை தேய்த்து, பெயிண்ட் ஓரத்தைச் சரிவாக்கி விடுங்கள். ஓரம் படிக்கட்டு மாதிரி நின்றால் கோட்டிங் அங்கேதான் முதலில் உரியும். நல்ல பெயிண்ட் இருக்கிற இடத்தையும் 320-ஆல் ஒரு தடவை மங்கலாக்க வேண்டும். மினுமினுப்பான பெயிண்டில் எதுவும் பிடிக்காது.

எவ்வளவு தேய்த்தாலும் தகரத்தின் குழிகளுக்குள் கொஞ்சம் துரு நிற்கத்தான் செய்யும். அதற்கு ரஸ்ட் கன்வர்ட்டர். டேனிக் (tannic) அமிலம் உள்ளதாக இருந்தால் துருவோடு சேர்ந்து கருநீலமாகிக் காயும். பாஸ்பாரிக் அமிலம் உள்ளதை டப்பாவில் சொன்னபடி கழுவியோ துடைத்தோ விட வேண்டும், அமிலம் மிச்சம் இருந்தால் மேலே வருகிற பிரைமர் கெடும். பளபளவென்று வெளுத்த தகரத்தில் கன்வர்ட்டர் போடுவது வீண், அதற்கு வேலை செய்யத் துரு வேண்டும். உதிர்கிற துருவின் மேல் தடவிவிட்டு முடிந்தது என்று நினைப்பதும் வீண்.

பிரைமரும் சந்துகளும்

வெறும் தகரம் தெரிகிற இடத்தை அன்றைக்கே பிரைமர் போட்டு மூடிவிடுங்கள். மறுநாள் காலை வரை விட்டால் நம் ஊர்ப் பனியில் இலேசாகச் செம்மை படர்ந்திருக்கும், மறுபடி உப்புத்தாள் எடுக்க வேண்டும்.

எபோக்சி பிரைமர் இருந்தால் அதுதான் நல்லது. ஹார்ட்னரைச் சொன்ன அளவில் கலந்து, அது கேட்கிற நேரம் காத்திருந்து அடியுங்கள். எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிற ரெட் ஆக்சைடு பிரைமர் வீட்டு இரும்பு கேட்டுக்குப் போதும், வண்டியின் சில்லுக்குப் போதாது. அதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சரியாகக் காயாத ரெட் ஆக்சைடின் மேல் தின்னர் அதிகமுள்ள கோட்டிங்கை அடித்தால், பிரைமர் சுருங்கிச் சுருங்கி எழும்பும். வேறு வழியில்லாமல் அதைத்தான் போடுகிறீர்கள் என்றால் இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயவிட்டு, ஒரு மூலையில் கோட்டிங்கைக் கொஞ்சம் அடித்துச் சோதித்துவிட்டு மேலே போங்கள்.

பிரைமர் காய்ந்ததும் தகரமும் தகரமும் சேர்கிற சந்துகளைப் பாருங்கள். பழைய சீலர் வெடித்திருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு, புது சீம் சீலரைச் சந்தில் வைத்து விரலால் இழுத்துவிடுங்கள். குளியலறை சிலிகான் வேண்டாம், அதன்மேல் பெயிண்டும் பிடிக்காது கோட்டிங்கும் பிடிக்காது. டாஷ்போர்டு பாலிஷும் டயர் பாலிஷும் அப்படித்தான். அவற்றில் சிலிகான் இருக்கும், கொஞ்சம் பட்டாலும் கோட்டிங் அந்த இடத்தில் வட்ட வட்டமாக விலகி நிற்கும். வேலை முடியும் வரை அந்த டப்பாக்களை வண்டிப் பக்கம் கொண்டுவராதீர்கள்.

எதை மறைப்பது

இங்கே அவசரப்பட்டால் வண்டியே நிற்காத மாதிரி ஆகிவிடும், பிரேக்கில் கோட்டிங் பட்டால் அப்படித்தான். டிஸ்க், டிரம், காலிப்பர், பிரேக் ஹோஸ் எல்லாவற்றையும் பாலித்தீன் பையால் கட்டிவிடுங்கள். சைலன்சரும் அதன் குழாயும் சூடாகிற பொருள், அதில் பட்டால் ஓடும்போது புகையும், தார் வகை என்றால் பற்றவும் செய்யும். புரொப்பல்லர் ஷாஃப்டில் ஒரு பக்கம் மட்டும் கோட்டிங் படிந்தால் எடை மாறி வண்டி அதிரும். கிராஸ் ஜாயின்ட், கிரீஸ் நிப்பிள், ஷாக் அப்சார்பரின் பளபளப்பான தண்டு, ஆம்னியின் லீஃப் பட்டைகள், ரப்பர் புஷ்கள், ரேடியேட்டர், இன்ஜின், கியர்பாக்ஸ், வயர் கனெக்டர்கள் எல்லாமே மூட வேண்டியவை. பக்கவாட்டில் தள்ளுகிற கதவு இருந்தால் அதன் கீழ்த் தண்டவாளத்துக்குள் ஒரு துளிகூடப் போகக் கூடாது. சேசிஸ் நம்பர் பதித்த இடத்தைத் தேடி மறைத்து வையுங்கள், எஃப்.சி.யில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

தண்ணீர் போகிற துளைகள் ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொன்றிலும் ஒரு தீக்குச்சியோ திரித்த காகிதமோ செருகி வையுங்கள், அடித்து முடித்ததும் பிடுங்கிவிடலாம். இந்தத் துளைகளை மூடிவிட்ட கோட்டிங்கைவிடக் கோட்டிங்கே இல்லாத வண்டி அதிக காலம் நிற்கும்.

பக்கவாட்டில் கோட்டிங் எங்கே முடிய வேண்டும் என்பதைப் பாடி லைனை வைத்தே முடிவு செய்யுங்கள். கதவின் கீழே ஒரு மடிப்புக் கோடு ஓடும், அதில் மாஸ்கிங் டேப்பை ஒட்டினால் கம்பெனியில் அடித்த மாதிரி இருக்கும். அதற்கு மேலே கண்ணாடி வரை பாலித்தீன் விரியுங்கள். செய்தித்தாள் என்றால் இரண்டு மடிப்பாக, ஒற்றைத் தாளில் தின்னர் ஊறி இறங்கிவிடும். பக்கத்தில் நிற்கிற பைக், துணி காய்கிற கொடி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். கணவாய்க் காற்று கொஞ்சம் வீசினாலும் கறுப்புப் புள்ளிகள் தெருக்கோடி வரை போகும், அப்புறம் பக்கத்து வீட்டாரோடு பேச்சுவார்த்தை.

அடிப்பது

கரிம ஆவிகளைத் தடுக்கிற கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கண்ணாடி, கையுறை. மூக்கில் கட்டுகிற துணி தூசிக்குத்தான் உதவும், தின்னர் ஆவிக்கு உதவாது. இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும், பக்கத்தில் பீடியோ அடுப்போ எரியக் கூடாது.

பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். கனமான சரக்கு அடியில் தங்கியிருக்கும், இரண்டு நிமிடமாவது கை வலிக்கக் குலுக்கினால்தான் கலக்கும். கம்ப்ரசரை 4 முதல் 6 பார் வரை, அதாவது 60 முதல் 90 பி.எஸ்.ஐ. வரை வையுங்கள். கம்ப்ரசர் தொட்டியின் அடியில் தேங்கிய தண்ணீரை முதலிலேயே திறந்துவிட்டுவிடுங்கள், இல்லையென்றால் அந்தத் தண்ணீரும் கன் வழியாக வரும்.

நேரே வண்டியில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு அட்டையில் அடித்துப் பாருங்கள். அழுத்தம் குறைந்தால் சொரசொரப்பு பெரிதாக வரும், கூடினால் நைஸாக வரும். கன்னைத் தகரத்திலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, நேர்க்கோட்டில் கையை ஓட்டுங்கள். தூரம் அதிகமானால் சரக்கு காற்றிலேயே காய்ந்து மணல் தூவின மாதிரி உட்காரும். அது பார்க்கக் கோட்டிங் மாதிரி இருக்கும், தண்ணீரை உள்ளே விடும். நெருக்கமானால் வழிந்து இறங்கும். கை அசையத் தொடங்கிய பிறகு டிரிகரை அழுத்துங்கள், கை நிற்பதற்கு முன் விடுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூடட்டும்.

வரிசை முக்கியம். முதலில் வீல் ஆர்ச்சின் உள்பக்கம், பிறகு அடிப்பக்கம், கடைசியில் வெளியே தெரிகிற சில். தெரியாத இடத்தில் கை பழகிவிடும், தெரிகிற இடத்துக்கு வரும்போது கன் உங்கள் பேச்சைக் கேட்கும்.

முதல் கோட்டு மெல்லியதாக இருக்கட்டும். கீழே இருக்கிற பிரைமர் அங்கங்கே தெரிந்தாலும் பரவாயில்லை. அதன்மேல் அடுத்த கோட்டு, டப்பாவில் சொன்ன இடைவெளி விட்டு. பொதுவாகப் பதினைந்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரம். நம் பக்கத்துக் காற்றுக்கு அரை மணி என்றே வைத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரத்துக்குப் பின்னால் கல் படுகிற இடத்துக்கு மட்டும் மூன்றாவது கோட்டு கொடுங்கள். ஒரேயடியாகக் கனமாக அடித்தால் மேலே தோல் போட்டுக் காய்ந்துவிடும், உள்ளே தின்னர் மாட்டிக்கொண்டு வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். சரக்கு மிச்சம் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டுவது புதியவர்கள் எல்லோருக்கும் வருகிற ஆசை.

மாஸ்கிங் டேப்பைக் கோட்டிங் இன்னும் இளகியிருக்கும்போதே, சாய்வாக மடக்கி மெதுவாக இழுங்கள். முழுதும் காய்ந்த பிறகு இழுத்தால் ஓரம் பிய்ந்து வரும். அப்படி நேரம் தவறிவிட்டால் பிளேடால் கோட்டின் மேல் இலேசாகக் கீறிவிட்டு இழுக்கலாம். துளைகளில் செருகிய குச்சிகளையும் பிடுங்கி, எடுத்து வைத்த படத்தோடு ஒப்பிட்டு எண்ணிப் பாருங்கள். கன்னை உடனே தின்னர் ஊற்றி அடித்துக் கழுவுங்கள். நீரில் கரைகிற வகை என்றால் தண்ணீர் போதும். நாளைக்குக் கழுவிக்கலாம் என்று வைத்த கன் திரும்ப வேலை செய்யாது.

சில்லின் உள்பக்கம்

வெளியே எவ்வளவு அழகாக அடித்தாலும், சில் ஒரு பெட்டி மாதிரி உள்ளே குடைவாக இருக்கிறது. பழைய வண்டியில் துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் கிளம்பும். கோட்டிங் காய்ந்த பிறகு 'கேவிட்டி வேக்ஸ்' என்கிற மெழுகு ஸ்பிரேயை அந்தத் தண்ணீர்த் துளை வழியாகவோ, ரப்பர் மூடி கழற்றுகிற துளை வழியாகவோ உள்ளே விட வேண்டும். நீளமான குழாயும் நுனியில் எல்லாப் பக்கமும் பீய்ச்சுகிற நாஸிலும் அதனோடு வரும். குழாயைக் கடைசிவரை உள்ளே விட்டு, அழுத்தியபடியே மெதுவாக வெளியே இழுங்கள். துளைகளிலிருந்து மெழுகு சொட்டத் தொடங்கினால் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். சொட்டி முடிந்ததும் துளைகளை மறுபடி ஒருமுறை குத்திவிடுங்கள். மெழுகைக் கோட்டிங்குக்கு முன்னால் விடக் கூடாது, வெளியே கசிந்தால் அங்கே கோட்டிங் பிடிக்காது. கதவுகளின் உள்பக்கத்துக்கும் இதையே செய்யலாம். எல்லோரும் விட்டுவிடுகிற வேலை இது. என்னைக் கேட்டால் வெளியே ஒரு கோட்டைக் குறைத்தாவது இதைச் செய்யச் சொல்வேன்.

அதன் பிறகு

வண்டியை ஒரு நாள் முழுக்க அசைக்க வேண்டாம். ரெசின் வகையின் மேல் பாடி கலர் அடிப்பதாக இருந்தால் டப்பாவில் சொன்ன நேரத்துக்குப் பிறகு அடியுங்கள். சக்கரத்தை மாட்டி, ஆட்கள் இல்லாத ரோட்டில் பிரேக்கை நாலைந்து தடவை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் கணவாய்ப் பக்கம் போக வேண்டும். முதல் ஒரு வாரம் பிரஷர் வாட்டர் வேண்டாம். பிறகும் தண்ணீர் கன்னை விளிம்புக்கு நேரே ஒட்டி வைத்து அடிக்கச் சொல்லாதீர்கள், நல்ல கோட்டிங்கையும் தோலுரித்துவிடும். சர்வீஸ் கடைக்காரர் பழக்கத்தில் ஆயில் அடித்துவிடுவார், வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மீன் வண்டிக்காரர்கள் உள்ளே தரையையும் கவனிக்க வேண்டும். பின்கதவின் படியில் ஐஸ் தண்ணீர் தேங்குகிற இடத்தில் வெளியே அடித்த அதே ஸ்டோன் கார்டை இரண்டு கோட்டு கொடுத்து, தண்ணீரை ஒரு குழாய் வழியாக வண்டிக்கு வெளியே விடுங்கள். அது சேசிஸ் மேல் சொட்டாதபடி குழாய் நீளமாக இருக்கட்டும். லோடு இறக்கிய அன்றே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். அதற்குப் பதில் எந்தக் கோட்டிங்கும் இல்லை.

ஆவணி, புரட்டாசியில் சாரல் ஓய்கிற இடைவெளியில் ஒருமுறை அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். சபரிமலை ஓட்டம் கார்த்திகையில் தொடங்கிவிட்டால் அப்புறம் தை வரை வண்டி கையில் நிற்காது. கல் பட்டுப் பெயர்ந்த இடம் இருந்தால் அந்த இடத்தை மட்டும் சுரண்டி, பிரைமர் தொட்டு, ஏரோசால் டப்பாவால் மூடினால் போதும். ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிற கோட்டிங்கைப் பார்த்தால் அதை ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள். ஈரம் ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். உரிகிற வரை உரித்தெடுத்துவிட்டுத்தான் புதிதாக அடிக்க வேண்டும்.

மட்ஃபிளாப் இல்லாமல் ஓடுகிற வேன்கள் நிறைய இருக்கின்றன. நான்கு சக்கரத்துக்கும் மாட்டிவிடுங்கள், சில்லில் படுகிற கல் குறையும். மாட்டுவதற்குப் புதிதாகத் துளை போட்டால், ஸ்க்ரூ முறுக்குவதற்கு முன் அந்தத் துளையின் வெட்டு விளிம்புக்கும் ஒரு சொட்டு பிரைமர் தொட்டு வையுங்கள்.